சான்றிதழ் நம் கையில். காசோலை யார் கையில்?

2020 ஜனவரி 2. ஊராட்சி ஒன்றியத்தின் வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி நாங்கள் முப்பது பேர் காத்துக் கிடந்தோம். வாக்குச்சீட்டு முறை என்பதால் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறச் சீட்டுகளையும் பிரித்து, கட்டுப்போட்டு, எண்ணி முடிப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்களுக்குத் தேவை இளஞ்சிவப்புச் சீட்டின் கணக்கு மட்டும்தான். அதுதான் ஊராட்சித் தலைவர் பதவிக்கான சீட்டு. என் சின்னம்மா அதில் நின்றிருந்தார்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் ஊராட்சி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தபோது, “நீ நில்லு” என்று தெருப் பெண்கள்தான் அவரை முன்னே தள்ளினார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு மேல் வெளியே வந்தார். கையில் ஒரு தாள். தேர்தல் நடத்தும் அலுவலர் முத்திரை போட்ட வெற்றிச் சான்றிதழ். நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசம்.

விடிந்ததும் மாலையோடு ஊருக்குள் நடந்தார். காலனியில் தொடங்கி மந்தை வழியாகப் பெரிய தெருவுக்குள் போனது ஊர்வலம். அந்தத் தெருவில் என் தாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். தோளில் துண்டு போட்டதற்காக அடி வாங்கியவர்களை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் அவர் மகள் மாலையும் கழுத்துமாக, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, செருப்புக் காலோடு நடந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். என் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அந்தக் காலைப் பொழுதை யாரும் எங்களிடமிருந்து திருப்பி வாங்கிவிட முடியாது.

அதற்குப் பிறகு நடந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. நம் மதுரை மாவட்டத்தின் 420 ஊராட்சிகளும் அதில் அடக்கம். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், போன முறை நாம் எதை வென்றோம், எதை விட்டோம் என்று கணக்குப் பார்க்காமல் மறுபடி மாலை வாங்கப் போகக் கூடாது.

ரத்தத்தில் எழுதிய கணக்கு

ஊராட்சித் தேர்தல் என்றால் நம் மாவட்டத்துக்குச் சொந்தமான ஒரு வரலாறு இருக்கிறது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம் ஒதுக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 1994-ல் புதிய ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-ல் முதல் தேர்தல்.

அந்தத் தேர்தலில் மேலூர் அருகே உள்ள மேலவளவு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்கு அஞ்சித் திரும்பப் பெற்றார்கள். மறுபடி தேர்தல் வைத்தபோது வாக்குப்பெட்டிகள் சூறையாடப்பட்டன. கடைசியில் 1996 டிசம்பர் 31-ல் போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். ஆறே மாதம். 1997 ஜூன் 30-ல், மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவரும் துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டது. 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேல் நீதிமன்றங்களும் அதை உறுதி செய்தன. இன்றும் ஒவ்வொரு ஜூன் 30-லும் மேலவளவு விடுதலைக் களத்தில் நம் மக்கள் கூடுகிறார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் வேறு கதை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் ஒரு தலித் தலைவரால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒன்று, யாரும் மனுப் போட மாட்டார்கள். அல்லது ஊர்க்கட்டுக்குப் பணிந்த ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு ராஜினாமா வாங்கிவிடுவார்கள். 2006 அக்டோபரில், அன்றைய ஆட்சியர் உதயசந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசிய பிறகே தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து முதல்வர் கருணாநிதி ‘சமத்துவப் பெருவிழா’ நடத்தினார். 2021 அக்டோபர் 2-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபைக் கூட்டத்துக்கே நேரில் வந்தார்.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் தெருவின் பெருமையைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். மேலவளவு வழக்கில் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டது 2019 நவம்பரில். அடுத்த மாதமே உள்ளாட்சித் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நம் மாவட்டத்தின் தலித் பெண்கள் மனுப் போடப் போனார்கள். என் சின்னம்மாவும்தான். ஆகவே, “ஊராட்சித் தலைவர் என்ன பெரிய பதவி?” என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

நாம் கவனிக்காத ஒன்பது நாள்

ஜனவரி 2-ல் எண்ணிக்கை. 6-ல் பதவிப் பிரமாணம். 11-ல் துணைத் தலைவர் தேர்தல்.

தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை அப்படி இல்லை; வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. எங்கள் ஊராட்சியில் ஒன்பது வார்டு. அதில் நம் ஆட்கள் இரண்டு வார்டில்தான் இருந்தார்கள், அதுவும் ஒதுக்கப்பட்ட வார்டுகள். மற்ற ஏழிலும் நாம் நிற்கவே இல்லை. எல்லோருடைய கண்ணும் இளஞ்சிவப்புச் சீட்டின் மேல்தான் இருந்தது. வெள்ளைச் சீட்டை யாரும் பொருட்படுத்தவில்லை.

நாங்கள் வேட்டு வெடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்பது நாளில், பெரிய தெருவில் உட்கார்ந்து ஏழு உறுப்பினர்களையும் ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டியே இல்லாமல் துணைத் தலைவர் தேர்வானார். தேர்தலில் சின்னம்மாவுக்கு எதிராக வேலை பார்த்தவர் அவர். அன்றைக்கு அதன் அர்த்தம் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. “துணைதானே, இருந்துட்டுப் போறாரு” என்றார் சித்தப்பா.

இரண்டு கையெழுத்து

ஊராட்சிகள் சட்டத்தின் 188-வது பிரிவு, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது. தலைவர் ஒருவரே பணத்தை எடுத்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வைத்த விதி. ஆனால், சாதி இருக்கும் ஊரில் அதே விதி ஒரு பூட்டாகிவிடுகிறது. தலைவர் போட்ட கையெழுத்து பாதிதான்; மீதிப் பாதி பெரிய தெருவில் இருக்கிறது.

எங்கள் ஊரில் முதல் கோடையிலேயே அது தெரிந்துவிட்டது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோனது. காயில் கட்ட வேண்டும். பழுது பார்ப்பவர் பழைய பாக்கியைக் கேட்டார். சின்னம்மா காசோலையில் கையெழுத்திட்டு அனுப்பினார். “பார்க்கலாம்” என்று பதில் வந்தது. ஒரு வாரம் ஆயிற்று. ஊரில் தண்ணீர் இல்லை. பெண்கள் குடத்தோடு வந்து நின்றது துணைத் தலைவர் வீட்டு வாசலில் இல்லை, எங்கள் சின்னம்மா வீட்டு வாசலில். “ஒனக்கெல்லாம் ஓட்டுப் போட்டோம் பாரு” என்று கேட்டார்கள். கேட்டதில் நம் தெருப் பெண்களும் உண்டு.

காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் சின்னம்மா மோட்டாரை ஓட வைத்தார். தண்ணீர் முதலில் ஏறியது பெரிய தெருவுக்கு. குழாய் அமைப்பே அப்படித்தான்.

தெருவிளக்குப் பல்பு, பிளீச்சிங் பவுடர், தொட்டி ஆபரேட்டர் சம்பளம், தூய்மைக் காவலர் சம்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் இதே கதை. வேலையை நேராக மறுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியும் தர மாட்டார்கள். தள்ளிப்போடுவார்கள். கூட்டத்துக்கு வராமல் இருந்து தீர்மானத்தைக் கிடப்பில் போடுவார்கள். ஆறு மாதத்தில் “தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை” என்று ஆட்சியருக்கு ஒரு மனு போகும். சட்டத்தின் 205-வது பிரிவில் ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இருக்கிறது. பதவி போகாவிட்டாலும், நிர்வாகம் முடங்கிவிட்டது என்ற காரணத்தால் காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றிவிடுவது உண்டு. கையெழுத்துப் போட மறுத்தவர் ஒருவர். அதிகாரத்தை இழந்தவர் தலைவர் என்றாகிவிடும். தண்டனை யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

1997-ல் அரிவாளால் செய்ததை இப்போது பேனா மூடியைத் திறக்காமலே செய்துவிடுகிறார்கள். இதில் ரத்தம் இல்லை என்பதால் செய்தியும் இல்லை.

கொடியும் நாற்காலியும்

சில ஊர்களில் மட்டும் அது செய்தியானது. 2020 ஆகஸ்ட் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலித் பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியானதும், சில நாள் கழித்து ஆட்சியரே நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் புவனகிரி ஒன்றியத்தின் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் நாடெங்கும் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இவை தனித்தனி ஊர்க் கதைகள் அல்ல. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் தலித் தலைவர்கள் இருக்கும் 386 ஊராட்சிகளில் ஆய்வு நடத்தி 2022-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 22 ஊராட்சிகளில் தலைவருக்கு நாற்காலியே இல்லை என்றது அந்த ஆய்வு. அந்த ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முன்பாக, ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்.

எங்கள் ஊரிலும் அந்தக் கடிதத்துக்குப் பலன் இருந்தது. 2020-ல் “கொரோனா, கூட்டம் கூடாது, நீங்க வர வேணாம்மா” என்று முதல் நாள் சொன்னார்கள். மனசு கேட்காமல் சின்னம்மா காலையில் போய்ப் பார்த்தால், கொடி ஏற்கெனவே கம்பத்தின் உச்சியில் பறந்துகொண்டிருந்தது. நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். மறு ஆண்டும் ஏதோ காரணம். 2022-ல் கொடியை அவர் ஏற்றினார். வட்டார வளர்ச்சி அலுவலர் பக்கத்தில் நின்றார். இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அன்று ராத்திரி சின்னம்மாவுக்கு போன் செய்தேன். சந்தோஷம்தானே என்று கேட்டேன். “சந்தோஷந்தாம்ப்பா. ஆனா ஒரு கயித்த இழுக்க எனக்கு ரெண்டு போலீஸு வேணுமாக்கும்?” என்றார். பெருமையும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும்

குற்றம் எல்லாம் பெரிய தெருவில் மட்டும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனால் அது நேர்மையாகாது.

2016-ல் செய்த திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் உண்டு. 2019 தேர்தலில் அதனால்தான் இத்தனை தலித் பெண்கள் தலைவரானார்கள். ஆனால், ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அது யாருக்கு வந்தது? எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்கு வந்தது. “தலைவரே, நாளைக்குக் கூட்டம் இருக்கு” என்பார்கள். சித்தப்பாவும் மறுக்காமல் “சரிங்க சார்” என்பார். முதல் ஒரு வருடம் சின்னம்மா கையெழுத்துப் போட்ட தாள்களில் பாதியை அவர் படிக்கவே இல்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, படிக்க விடவில்லை. ஒரு நாள் அவரே தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, எழுத்துக் கூட்டி முதல் பக்கத்திலிருந்து படித்தார். அதற்குப் பிறகு போன் அவர் கைக்கு வந்தது.

இன்னொன்று, நமக்குள் இருக்கும் உட்சாதிப் பிரிவு. பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஊராட்சியில் மொத்த ஊரும்தான் ஓட்டுப் போடுகிறது. நம் தெரு இரண்டாகப் பிரிந்து இரண்டு மூன்று பேரை நிறுத்தினால், அவர்களில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதைப் பெரிய தெரு முடிவு செய்துவிடும். தலையாட்டும் ஆள் யாரோ, அவருக்கே ஓட்டு மொத்தமாக விழும். 1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலிருந்து தொடரும் சிக்கல் இது. தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்து, பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் ஒதுக்கீட்டுத் தொகுதிகளை அம்பேத்கர் ஏற்க வேண்டி வந்தது. இடம் நமக்கு, தேர்வு எல்லோருக்கும். இதன் பலவீனம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25-ல் பேசும்போது, அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்க்கையில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பட்ட வாழ்வுக்குள் நாம் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். அந்த முரண்பாடு தில்லியில் இருக்கிறதோ இல்லையோ, ஊராட்சி அலுவலகத்தின் நாற்காலியில் தினமும் உட்கார்ந்திருக்கிறது.

சட்டத்தில் இருக்கிறது, எழுதிக் கொடுத்தோமா?

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் தேர்தலுக்கென்றே உட்பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினர் ஓட்டுப் போடுவதையோ வேட்புமனுத் தாக்கல் செய்வதையோ மிரட்டித் தடுப்பது 3(1)(எல்) பிரிவில் குற்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தன் பணியைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் இடைஞ்சல் செய்வதும் 3(1)(எம்) பிரிவில் குற்றம். தேர்தலுக்குப் பிறகு தாக்குவது, சமூகப் புறக்கணிப்பு செய்வது, பொதுச் சேவையின் பயன் கிடைக்காமல் தடுப்பது 3(1)(என்) பிரிவில் வரும். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கடமையைச் செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இல்லாவிட்டால், 4-வது பிரிவு இருக்கிறது.

ஆனால், காசோலையில் கையெழுத்துப் போடாததை எப்படி நிரூபிப்பது? சின்னம்மா இரண்டு வருடம் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லி அனுப்பினார். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மூன்றாவது வருடம் ஒன்றிய அலுவலகத்தில் நல்ல மனசுள்ள ஒருவர் ஒரு யோசனை சொன்னார். காசோலையை அனுப்பும்போது கூடவே ஒரு கடிதம் வையுங்கள். எந்த வேலைக்கு, எந்தத் தேதித் தீர்மானம், எவ்வளவு தொகை என்று எழுதுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதி ஆட்சியருக்கு. அவ்வளவுதான். நாலாவது கடிதத்துக்கு மேல் கையெழுத்துகள் வரத் தொடங்கின. தாமதமாக வந்தன, ஆனாலும் வந்தன.

கடைசி இரண்டு ஆண்டில் காலனிக்கு சிமென்ட் சாலை வந்தது. வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு வந்தது. மழைக்காலத்தில் பிணத்தை வயல் வரப்பில் தூக்கிப்போன நிலை மாறி, மயானத்துக்குப் பாதை வந்தது. அந்தப் பாதைக்காக முதல் கிராம சபையிலேயே அவர் தீர்மானம் போட்டிருந்தார். கல் விழுந்தது நாலாவது வருடத்தில். முதல் நாளே கடிதம் எழுதியிருந்தால் எத்தனை வேலை முடிந்திருக்கும் என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொல்லித்தர வேண்டியது யார்? தேர்தலில் நம் ஓட்டைக் கேட்டு வரும் கட்சிகள், சான்றிதழ் வாங்கும் வரை கூட நிற்கின்றன. படத்துக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. அதற்கு மறுநாள் தீர்மானப் புத்தகத்தை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆள் அனுப்பிய கட்சியை நான் பார்க்கவில்லை. நம் இயக்கங்களும் அடி விழுந்தால் ஓடி வருகின்றன. கையெழுத்து வராவிட்டால் வருவதில்லை. அரசு நடத்தும் பயிற்சி ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. அதிலும் 3(1)(எம்) பற்றி யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்கிறார் சின்னம்மா.

அரசிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் துணைத் தலைவர் இத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் மறுப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று காலக்கெடு வேண்டும். அது தாண்டினால் வட்டார வளர்ச்சி அலுவலர் தலைவருடன் சேர்ந்து கையெழுத்திடலாம் என்று விதி வகுக்கலாம். தலைவரின் அதிகாரத்தைப் பறிக்காமலே பூட்டைத் திறக்க வழி உண்டு. இதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம், ஓர் அரசாணை வந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்த முறை

கடந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சின்னம்மா மறுபடியும் நூறு நாள் வேலைக்குப் போகிறார். அலுவலகப் பலகையில் முன்னாள் தலைவர்களின் பெயர் வரிசையில் கடைசியாக அவர் பெயர் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்கிறது. அடகு வைத்த தோட்டைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அது இன்னும் மீட்கப்படவில்லை.

ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். அடுத்த தேர்தலில் எங்கள் ஊராட்சி பொதுவாகிவிடலாம். “பொதுவாயிட்டா நம்ம யாரும் நிக்க முடியாதுல்ல?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார். நம்மில் பலருக்கு இருக்கும் தவறான எண்ணம் அது. பொது என்றால் எல்லோருக்கும் பொது. பொது வார்டிலும் நிற்கலாம். பொது ஊராட்சியிலும் நிற்கலாம். தடுத்தால் 3(1)(எல்) இருக்கிறது.

சின்னம்மா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். தலைவராக இருந்தபோது கடித நகல்களை ஒட்டி வைத்த நோட்டு. கடைசிப் பக்கத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எண் போட்டிருந்தார். ஒவ்வொரு வார்டிலும் நம் ஓட்டு எத்தனை, நம்மோடு ஒத்துவரக்கூடிய மற்றவர்கள் ஓட்டு எத்தனை, யாரை நிறுத்தலாம் என்று எழுதியிருந்தார். மற்ற சாதியில், தண்ணீர்ப் பிரச்சினையில் தன் பக்கம் நின்ற இரண்டு பெண்களின் பெயரும் அதில் இருந்தது. ஐந்து வார்டுக்கு ஆள் எழுதியாகிவிட்டது. ஒன்பதில் ஐந்து வந்தால் துணைத் தலைவர் நம் பக்கம்.

“தலைவர் பதவிய அப்பறம் பாத்துக்கலாம்ப்பா. மொதல்ல வெள்ளச் சீட்ட எண்ணுவோம்” என்றார். மீதி நாலு வார்டுக்கு எதிரே இன்னும் பெயர் எழுதவில்லை. பேனாவை நோட்டுக்குள்ளேயே வைத்து மூடினார்.